தாயும் சேயும்: கிறிஸ்தவ ஓவியங்களைப் படிப்படியாகப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மரியா குழந்தை இயேசுவை ஏந்தியிருக்கும் ஓவியங்களைப் பத்துப் பதினைந்து வரிசையாகப் பார்த்தால் ஒன்று சட்டென்று கண்ணில் படும். தாய் பெரும்பாலும் சிரிப்பதில்லை. கையில் கொழுகொழுவென்று குழந்தை, சுற்றிலும் பூவும் பொன்னும். முகத்தில் மட்டும் ஏதோ ஒரு கனம். அந்தக் காலத்து ஓவியர்களுக்குச் சிரிப்பை வரையத் தெரியாது என்று சொல்பவர்கள் உண்டு. நன்றாகவே தெரியும். ஃபிலிப்போ லிப்பி 1460 வாக்கில் வரைந்த ஓவியம் ஃபுளோரன்ஸ் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் குழந்தையைத் தாங்கிப் பிடிக்கும் வானதூதன் நம்மைத் திரும்பிப் பார்த்துக் குறும்பாகச் சிரிக்கிறான். பக்கத்திலேயே மரியா கண்ணைத் தாழ்த்திக் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார்.

இந்த ஓவியங்களை வரைந்தவர்களுக்கு இரண்டு சிக்கல்கள் இருந்தன. முதலாவது, இந்தக் குழந்தை பசிக்கும், தூங்கும், அழும் உண்மையான குழந்தை. அதே நேரத்தில் கடவுள். ஓர் உடலில் இரண்டையும் எப்படிக் காட்டுவது? இரண்டாவது, கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும். கோவிலில் குழந்தையைக் கையில் வாங்கிய சிமியோன், உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று தாயிடமே சொல்லிவிட்டதாக லூக்கா நற்செய்தி 2:35 சொல்கிறது. ஆகவே பிறப்பைக் காட்டும் சட்டகத்துக்குள்ளேயே இறப்பும் இருந்தாக வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஓவியர்கள் கண்டுபிடித்த உட்காரும் விதம், கைவைப்பு, நிறம், பழம், பறவை எல்லாமே இந்த இரண்டு சிக்கல்களுக்கான விடைகள்.

பொதுவாக இத்தகைய வழிகாட்டிகள் 'ஆப்பிள் என்றால் பாவம், அல்லி என்றால் தூய்மை' என்று குறியீட்டு அகராதியில் தொடங்கும். இங்கே தலைகீழாகப் போவோம். முதலில் அமைப்பு, அதன்பிறகுதான் பொருள்கள். அமைப்பு துணைநிற்காத குறியீட்டை நம்பக் கூடாது என்பதே இந்தக் கட்டுரை முழுவதும் நான் பிடித்துக்கொண்டிருக்கும் கட்சி.

படி 1: இந்த ஓவியம் எங்கே இருந்தது?

கைபேசித் திரையில் எல்லா ஓவியமும் ஒரே அளவாகத் தெரிகிறது. முதலில் அளவைத் தேடிக் கண்டுபிடியுங்கள். இத்தாலிய ஓவியர் டுச்சோ 1285-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு வரைந்த ருச்செல்லாய் மாதா ஓவியம் ஏறத்தாழ நான்கரை மீட்டர் உயரம். ஃபுளோரன்ஸில் கூடிநின்று பாடல் பாடி வழிபட்ட ஒரு பொதுநிலையினர் சபைக்காக அது வரையப்பட்டது. தூரத்தில், கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதால் உருவங்கள் பெரியவை, எல்லைக்கோடுகள் தெளிவானவை.

அதே டுச்சோ வரைந்து, இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் இன்னொரு ஓவியம் சட்டத்தோடு சேர்த்தே ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் உயரம்தான். அதன் பழைய சட்டத்தின் கீழ்ப்புறம் கருகியிருக்கிறது, மெழுகுவர்த்திச் சுடர் பட்டு. யாரோ ஒருவர் தனியாக, மிக அருகில், இருட்டில் வேண்டியிருக்கிறார். இதில் குழந்தை கையை நீட்டித் தாயின் முக்காட்டை விலக்குகிறது. நான்கரை மீட்டர் ஓவியத்தில் இந்தச் சின்னஞ்சிறு அசைவுக்கு இடமில்லை.

உயரமும் முக்கியம். கரவாஜியோவின் லொரேட்டோ மாதா இன்றும் ரோமின் சான்ட் அகொஸ்தினோ ஆலயத்தில், வரையப்பட்ட அதே சிற்றாலயத்தில் இருக்கிறது. முழந்தாளிட்டிருக்கும் திருப்பயணியின் அழுக்கேறிய உள்ளங்கால்கள் பீடத்தருகே நிற்பவரின் முகத்துக்கு நேரே நீண்டிருக்கின்றன. புத்தகத்தில் பார்க்கும்போது அது ஒரு விவரம். அங்கே நின்று பார்ப்பவருக்கு, தானும் அந்த வரிசையில் அடுத்து முழந்தாளிடப் போகிறவர் என்று தோன்றும்.

படி 2: எந்த வகை என்று அடையாளம் காணுங்கள்

கி.பி. 431-இல் ஆயர்களின் பேரவையான எபேசு திருச்சங்கம் மரியாவைக் 'கடவுளின் தாய்' என்று அழைப்பதை உறுதிப்படுத்தியது. அதன்பிறகு உருவான பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) மரபில் சில நிலைகள் கிட்டத்தட்ட வாய்ப்பாடாகவே ஆகிவிட்டன.

அரியணையில் நேராக உட்கார்ந்த தாய், அவர் மடியின் நடுவே நேராக உட்கார்ந்த குழந்தை. இது ஒரு வகை. இங்கே தாயே குழந்தைக்கு அரியணை. சீனாய் மலை புனித கத்தரீன் மடத்தில் உள்ள 6-ஆம் நூற்றாண்டு மெழுகு வண்ணத் திருவோவியம் இதற்குப் பழமையான சான்றுகளில் ஒன்று. ஹொடெகெட்ரியா வகையில் ஒரு கையில் குழந்தையை ஏந்திய தாய் மறுகையால் குழந்தையைச் சுட்டுகிறார். எலயூசா வகையில் இரு கன்னங்களும் ஒட்டியிருக்கும். இன்னும் பாலூட்டும் தாய். மேற்கே 14-ஆம் நூற்றாண்டிலிருந்து பரவிய, அரியணையை விட்டிறங்கித் தரையில் உட்கார்ந்த தாய். ஸ்வீடன் நாட்டுப் புனித பிரிஜித்தாவின் காட்சிக்குப்பின் பரவிய, தரையில் கிடக்கும் குழந்தையை முழந்தாளிட்டு வணங்கும் தாய்.

வகையைக் கண்டுகொண்டால், ஓவியர் எதைப் பெற்றார், எதைத் தானாக மாற்றினார் என்பதைப் பிரித்துவிடலாம். மாற்றிய இடத்தில்தான் அவர் பேசுகிறார்.

இங்கே ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும்: பழைய ஓவியங்களில் குழந்தை ஏன் சிறிய பெரியமனிதர் மாதிரி இருக்கிறது? அகன்ற நெற்றி, முதிர்ந்த முகம், ஆசி வழங்கும் விரல்கள், கையில் சுருளேடு. குழந்தையைப் பார்க்காமலா வரைந்திருப்பார்கள்? காலத்துக்கு முன்பே இருந்த இறைவார்த்தை உடலெடுத்திருக்கிறது என்பதை அந்த முகம் சொல்ல வேண்டியிருந்தது. முதல் சிக்கலில் கடவுள் பக்கம் சாய்ந்த விடை அது. பின்னால் வந்த இத்தாலியர்கள் மறுபக்கம் சாய்ந்தார்கள். அவர்களுடைய குழந்தையின் ஆடையைக் களைந்தது அழகுக்காக மட்டும் அன்று; உண்மையிலேயே மனித உடல்தான் என்று காட்டவும்தான்.

படி 3: கைகளைப் பாருங்கள்

முகத்துக்குப் போக வேண்டாம். நான்கு கைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தாயின் இரண்டு, குழந்தையின் இரண்டு. ஒவ்வொன்றும் எதைத் தொடுகிறது? இறுக்கிப் பிடிக்கிறதா, தாங்குகிறதா, வெறுமனே அருகில் இருக்கிறதா, விடுகிறதா?

ஹொடெகெட்ரியா வகையில் தாயின் வலக்கை குழந்தையைத் தொடவே தொடாது. விரல்கள் மார்புக்கு முன்னால் ஏந்தி, 'இவரைப் பார்' என்கின்றன. இப்போது கத்தோலிக்கர் பலரின் வீட்டிலும் இருக்கும் சதா சகாய மாதா படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீட் தீவின் மரபில் வந்த இந்தத் திருவோவியம் 1866 முதல் ரோமில் புனித அல்போன்சு ஆலயத்தில் இருக்கிறது. அடிப்படையில் இதுவும் சுட்டிக்காட்டும் வகையே. ஆனால் சுட்ட வேண்டிய அந்த வலக்கையைக் குழந்தை தன் இரு கைகளாலும் பற்றிக்கொண்டிருக்கிறது. ஏன் என்பதற்கு மேலே பாருங்கள். இயேசுவின் சிலுவைச் சாவோடு தொடர்புடைய கருவிகள் அங்கே இருக்கின்றன. நமக்கு இடப்புறம் வானதூதர் மிக்கேல் ஈட்டியும் கடற்பஞ்சும் ஏந்தி நிற்கிறார். வலப்புறம் கபிரியேல் சிலுவையும் ஆணிகளும் ஏந்தியிருக்கிறார். குழந்தை தலையைத் திருப்பிச் சிலுவை இருக்கும் பக்கம் பார்க்கிறது. ஒரு காலணி கழன்று தொங்குகிறது. பயந்த குழந்தை தாயிடம் ஓடிவந்த வேகம் அந்த ஒற்றைக் காலணியில் இருக்கிறது. தாயின் விரல்களோ இறுக மூடவில்லை. ஆறுதலும் தருகிறார், காட்டவும் செய்கிறார். ஒரே கையில் இரண்டு வேலை.

கைகளை இப்படிப் படிப்பது நம் காலத்துக் கற்பனை இல்லை என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. லியொனார்டோ டா வின்சி ஃபுளோரன்ஸில் தீட்டிக்கொண்டிருந்த ஒரு முன்வரைவை 1501-இல் நேரில் பார்த்த துறவி பியெத்ரோ தா நொவெல்லாரா, மாந்துவா சீமாட்டி இசபெல்லா தெஸ்தேவுக்குக் கடிதம் எழுதினார். குழந்தை தாயின் கையிலிருந்து நழுவி ஓர் ஆட்டுக்குட்டியைப் பிடிக்கிறது. மரியா தன் தாய் அன்னாவின் மடியிலிருந்து பாதி எழுந்து, பாடுகளை (இயேசுவின் சிலுவைத் துன்பங்களை) குறிக்கும் அந்தப் பலி விலங்கிடமிருந்து குழந்தையைப் பிரிக்கப் பார்க்கிறார். அன்னாவோ மகளைத் தடுக்கிறார், பாடுகள் தடைபடக் கூடாது என்று விரும்பும் திருச்சபையைப் போல. அவர் எழுதியதன் சாரம் இது. அந்த வரைவு இன்று இல்லை. அதே கருவில் லியொனார்டோ பிறகு வரைந்தது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மரியாவின் நீட்டிய கைகளைப் பார்த்து, அவர் குழந்தையை இழுக்கிறாரா, விடுகிறாரா என்று முடிவு செய்ய முயலுங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது.

படி 4: பார்வைக் கோடுகள்

ஓவியத்தின் அச்சுப்படி ஒன்றின்மேல் மெல்லிய தாளை வைத்து, ஒவ்வொரு கண்ணிலிருந்தும் அது பார்க்கும் இடத்துக்குப் பென்சிலால் கோடு இழுங்கள். தாயும் குழந்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் ஓவியம் எவ்வளவு குறைவு என்பது அப்போது தெரியும். அப்படிப் பார்த்துக்கொண்டால் வட்டம் மூடிவிடும். நாம் வெளியே நின்றுவிடுவோம். யாராவது ஒருவர் நம்மைப் பார்த்தாக வேண்டும், அல்லது நமக்குத் தெரியாத எதையோ பார்க்க வேண்டும்.

விளாடிமிர் மாதா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 12-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் வரையப்பட்டு ரஷ்யாவுக்குப் போன திருவோவியம் அது. குழந்தை கன்னத்தை ஒட்டி, கழுத்தைக் கட்டி, தாயை மட்டுமே பார்க்கிறது. தாயோ குழந்தையைப் பார்க்காமல் நம்மைப் பார்க்கிறார். அந்தப் பலகையின் பின்புறத்தில் பாடுகளின் கருவிகளும் ஒரு பீடமும் வரையப்பட்டிருக்கின்றன. முன்புறத்தில் கண்கள் மறைத்துச் சொல்வதைப் பின்புறம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

ரஃபேலின் சிஸ்டைன் மாதா ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ளது. அதன் கீழ்விளிம்பில் கன்னத்தில் கைவைத்துச் சாய்ந்திருக்கும் இரண்டு குட்டி வானதூதர்களைத் தனியே வெட்டியெடுத்துக் கோப்பையிலும் வாழ்த்து அட்டையிலும் ஒட்டிவிட்டார்கள். முழு ஓவியத்தில் அவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது: இருவரும் மேலே பார்க்கிறார்கள், நம் கண்ணும் கூடவே மேலே போகிறது. புனித சிக்ஸ்துஸ் சட்டகத்துக்கு வெளியே, நம் பக்கம் கைநீட்டுகிறார். அந்தத் திசையில் பார்க்கும் தாய்க்கும் குழந்தைக்கும் முகத்தில் ஒரு திகைப்பு. 1512-ஐ ஒட்டி இது பியாச்சென்சா நகரத் துறவியர் ஆலயத்தின் தலைப்பீடத்துக்காக வரையப்பட்டது. எதிர்ப்புறத்தில் இருந்த சிலுவையைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள் என்பது ஒரு விளக்கம். படி 1 இல்லாமல் இந்த விளக்கத்துக்கு வந்திருக்கவே முடியாது.

படி 5: எலும்புக்கூடு

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். விவரங்கள் மங்கிப் பெரிய வடிவங்கள் மட்டும் மிஞ்சும்.

உஃபிசியில் சிமாபூவே, டுச்சோ, ஜியோட்டோ மூவரின் மாபெரும் அரியணை மாதாக்கள் ஒரே கூடத்தில் இருக்கின்றன. இந்தப் பாடத்தை அதைவிடத் தெளிவாகச் சொல்லித்தரும் இடம் இல்லை. சிமாபூவேயில் வானதூதர்கள் அரியணையின் இருபுறமும் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கப்பட்டிருக்கிறார்கள். தாயின் ஆடை மடிப்புகளில் பொற்கோடுகள் ஓடுகின்றன. உடல் கனமற்று மிதக்கிறது. ஜியோட்டோ 1300-ஐ ஒட்டி வரைந்ததில் பொற்கோடுகள் இல்லை. ஆடைக்கடியில் முழங்கால் முட்டுகிறது, மார்பு தெரிகிறது, அந்த உடலின் கனத்தை அரியணை தாங்குகிறது. சுற்றி நிற்பவர்களில் சிலர் அரியணைச் சட்டத்துக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கிறார்கள். இடம் உண்மையாகிவிட்டது. ஆனாலும் மரியா மற்ற எல்லோரையும்விட மிகப் பெரியவர். தகுதிக்கேற்ப அளவு என்ற பழைய விதியை ஜியோட்டோ கைவிடவில்லை.

முக்கோணம் பிறகு வந்தது. 1505-க்கும் 1507-க்கும் இடையே ரஃபேல் மூன்று ஓவியங்களில் ஒரே கணக்கைத் தீர்க்க முயன்றார்: உஃபிசியின் தங்கச்சிட்டு மாதா, வியன்னாவின் புல்வெளி மாதா, லூவரில் உள்ள 'அழகிய தோட்டக்காரி'. தாயின் தலை உச்சி. குழந்தை இயேசுவும் சிறுவன் திருமுழுக்கு யோவானும் அடித்தளம். முக்கோணம் நிலைத்த வடிவம், அசையாது. அதனால்தான் அதற்குள் நடப்பது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. புல்வெளி மாதாவில் யோவான் நீட்டும் மெல்லிய சிலுவைக் கோலைக் குழந்தை பற்றுகிறது. அமைதியான வடிவத்தின் அடியில் பாடுகள் தொடங்கிவிட்டன. தங்கச்சிட்டு மாதாவில் குழந்தை தாயின் முழங்கால்களுக்கிடையே நிற்கிறது, தன் பாதத்தைத் தாயின் பாதத்தின்மேல் வைத்துக்கொண்டு. இந்தச் சின்ன விவரத்தை எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று தெரியாது. எனக்கு அந்த ஓவியத்தில் பிடித்ததே அதுதான்.

வட்டச் சட்டகம் வேறு தொல்லை, உருவங்கள் உருண்டுவிடும். ஃபுளோரன்ஸ் பிட்டி அரண்மனையில் உள்ள நாற்காலி மாதாவில் ரஃபேல் தாயையும் குழந்தையையும் வட்டத்துக்குள் வட்டமாகவே வளைத்தார். கடைசல் வேலை செய்த நாற்காலியின் முதுகுக் கம்பம் ஒன்றை மட்டும் நட்டமாக நிறுத்தினார். விரலால் அதை மறைத்துப் பாருங்கள், ஓவியம் சுழலத் தொடங்கும்.

படி 6: நிறமும் ஒளியும்

மேற்கத்திய ஓவியங்களில் மரியாவுக்குச் சிவப்பு உள்ளாடை, நீல மேலாடை என்பது பெருவழக்கு. பைசாந்தியத்தில் உள்ளே நீலம், வெளியே கருஞ்சிவப்பு முக்காடு. அரச குடும்பத்தின் நிறம் அது. நெற்றியிலும் இரு தோள்களிலும் மூன்று விண்மீன்கள் இருந்தால் அவை மகப்பேற்றுக்கு முன்னும் அப்போதும் பின்னும் கன்னி என்பதைக் குறிக்கும்.

நீலத்துக்கு இறையியல் விளக்கங்கள் நிறைய உண்டு, விண்ணகத்தின் நிறம் என்பது போல. விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அல்ட்ராமரைன் நீலம் ஆப்கானிஸ்தானின் படக்ஷானில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி கல்லை அரைத்துச் செய்வது. கிர்லாந்தாயோ ஃபுளோரன்ஸ் அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்காக 1485-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், அவுன்ஸ் நான்கு ஃப்ளோரின் (ஃபுளோரன்ஸ் பொற்காசு) மதிப்புள்ள அல்ட்ராமரைனையே பயன்படுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறது. விலை உயர்ந்ததைத் தாய்க்குக் கொடு என்ற பக்தியும், கொடுத்தது யார் என்று தெரிய வேண்டும் என்ற பெருமையும் ஒன்றாகவே அந்த முக்காட்டில் இருக்கின்றன.

ஒளி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பொற்பின்னணியில் ஒளிக்குத் திசை கிடையாது. நிழலும் இல்லை, நேரமும் இல்லை. 1426-இல் பீசா நகரப் பீடத்துக்காக மசாச்சோ வரைந்த மாதா இன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதில் பொற்பின்னணி இருந்தும் ஒளி இடப்புறத்திலிருந்து விழுகிறது, முகத்தின் பாதி நிழலில் போகிறது. தாயின் ஒளிவட்டம் தட்டையாக இருக்க, குழந்தையின் ஒளிவட்டம் தலைக்குமேல் சாய்ந்த வளையமாகத் தெரிகிறது. பழைய உலகமும் புதிய உலகமும் ஒரே பலகையில் மோதுகின்றன.

வடக்கே யான் வான் ஐக் இதை இன்னொரு எல்லைக்குக் கொண்டுபோனார். பெர்லினில் உள்ள 'ஆலயத்தில் மாதா' 31 சென்டிமீட்டர் உயரமே. அதற்குள் ஓர் உயர்ந்த கோதிக் ஆலயம், அதன் தூண்களில் பாதிக்கு மேல் எட்டும் உயரத்தில் மரியா. அளவில் பிழையில்லை, அவரே திருச்சபை என்பது பொருள். ஆலயம் வழக்கப்படி கிழக்கு நோக்கியிருக்குமானால் வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. ஐரோப்பாவில் அப்படி விழாது. இயற்கையான சூரியன் இல்லை இது என்று படிப்பவர்கள் உண்டு. கண்ணாடியை உடைக்காமல் ஊடுருவும் ஒளி, கன்னிமை கெடாத கருத்தரிப்புக்கு இடைக்கால உவமை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு வடநாட்டு ஓவியங்களின் சன்னல்களைப் பாருங்கள்.

படி 7: இப்போது பொருள்கள்

ஒரு பொருளைக் குறியீடு என்று ஏற்பதற்குமுன் மூன்று கேள்விகள் கேட்பேன். யாராவது அதைத் தொடுகிறார்களா அல்லது பார்க்கிறார்களா? ஓவியத்தின் முக்கியக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறதா? மற்ற விவரங்களும் அதே திசையில் போகின்றனவா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது அலங்காரமாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

தங்கச்சிட்டு முதலில். முகத்தில் சிவப்புத் திட்டு உள்ள சிறு பறவை; முட்செடி விதைகளைத் தின்னும். முள்முடியிலிருந்து முள்ளைப் பிடுங்கியபோது இரத்தம் தெறித்த தழும்பு அது என்ற கதை உண்டு. ரஃபேலில் யோவான் அதை நீட்ட, குழந்தை வருடுகிறது. அது நிற்பது முக்கோணத்தின் நடுவே, இரு குழந்தைகளின் கைகள் சந்திக்கும் இடத்தில். மூன்று கேள்வியிலும் தேறிவிட்டது.

திராட்சை என்றால் இரசம், இரசம் என்றால் நற்கருணை (வழிபாட்டில் இயேசுவின் உடலும் இரத்தமுமாகப் பகிரும் அப்பமும் இரசமும்), நற்கருணை என்றால் இரத்தம். மசாச்சோவின் குழந்தை திராட்சையை வாயில் வைத்துச் சுவைக்கிறது. அரியணையின் அடிப்படியில் பழைய ரோமானியக் கல்லறைப் பெட்டிகளில் காணும் நெளிகோட்டு அலங்காரம் ஓடுகிறது. பழமும் கல்லும் சேர்ந்தே பேசுகின்றன. திராட்சை மட்டும் இருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஆப்பிள் ஏவாள் பறித்த கனி. குழந்தையின் கையில் அது வந்துவிட்டால் புதிய ஆதாம் பழைய கடனை ஏற்கிறார் என்று பொருள். மாதுளை பாடுகளின் இரத்தத்தையும், ஒரே தோலுக்குள் பல விதைகளாய் இருக்கும் திருச்சபையையும் குறிக்கும். முள்ளில்லா ரோஜாவும், இனிமைமிகு பாடல் 4:12 சொல்லும் மூடிய தோட்டமும் மரியாவின் கன்னிமைக்கு. வாள்போன்ற இலையுள்ள ஐரிஸ் சிமியோனின் வாளுக்கு. சிவப்புப் பவளம் குழந்தைகளுக்குக் கண்ணேறு படாமல் கட்டிய தாயத்து. ஓவியத்தில் அதன் கிளைகள் இரத்தத்தையும் நினைவூட்டும். இவ்வளவு போதும், பட்டியலை நீட்டினால் அகராதியாகிவிடும்.

கார்லோ கிரிவெல்லி ஒரு தனி இன்பம். மெட்ரோபாலிட்டனில் உள்ள, 1480 வாக்கில் அவர் வரைந்த சிறு ஓவியத்தில் ஆப்பிள்களும் ஓர் ஈயும் பாவத்துக்கும் தீமைக்கும். வெள்ளரிக்காயும் தங்கச்சிட்டும் மீட்புக்கும் நிற்கின்றன. அந்த ஈ உண்மையிலேயே பலகைமேல் உட்கார்ந்ததுபோல் தோன்றும். குறியீடும் கண்கட்டு வித்தையும் ஒருசேர. பக்திக்கும் விளையாட்டுக்கும் நடுவே கோடு போட அவர் விரும்பவில்லை.

தூக்கமும் ஒரு பொருள்தான். குழந்தை உறங்கினால் பெரும்பாலும் சாவின் ஒத்திகை. பியரோ தெல்லா பிரான்செஸ்கா 1470-களில் வரைந்த, மிலானின் பிரேரா கலைக்கூடத்தில் உள்ள பீடப்படத்தில் குழந்தை பவள மாலையோடு தாயின் மடியில் உறங்குகிறது. மேலே சிப்பி வடிவக் குவிமாடத்திலிருந்து ஒரு முட்டை தொங்குகிறது. மரியாவின் தலைக்கு நேர்மேலே தொங்குவதாகத் தோன்றும். தூரக்கணக்குப் போட்டால் அது வெகு பின்னால் இருக்கிறது. பிறப்பா, உயிர்ப்பா, கன்னிப்பேறா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஓவியத்தின் நடுக்கோட்டிலேயே தொங்குவதால் அது முக்கியம் என்பதில் மட்டும் ஐயமில்லை.

படி 8: ஓரங்கள்

புனிதர்கள் நிற்கும் ஓவியத்தில் மரியாவின் வலப்புறம், அதாவது நமக்கு இடப்புறம், மேலான இடம். அங்கே நிற்பவர் பெரும்பாலும் ஆலயத்தின் அல்லது நகரின் பாதுகாவலர். பிரேரா படத்தில் ஊர்பினோவின் ஆட்சியாளர் ஃபெதெரிகோ கவசத்தோடு நமக்கு வலப்புறம் முழந்தாளிட்டிருக்கிறார். எதிர்ப்புறம், இணையாக மனைவி இருக்க வேண்டிய இடம் காலி. அவர் 1472-இல் இறந்துவிட்டார். காலியிடமும் அமைப்பின் ஒரு பகுதியே.

முன்னால் ஒரு கைப்பிடிச் சுவர் இருந்தால் அதைக் கடந்துபோய்விடாதீர்கள். அது நம் உலகத்துக்கும் அவர்கள் உலகத்துக்கும் எல்லை. பலிபீடமாகவும் கல்லறை மேடையாகவும் படிக்கலாம். குழந்தை அதன்மேல் நின்றாலோ படுத்தாலோ அந்தப் பொருள் கூடும்.

படி 9: சந்தேகப்படுங்கள்

கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஓவியர் விட்டுச்சென்றது இல்லை. மலிவான அசுரைட் நீலமும் பழுப்பேறிய மெருகும் சேர்ந்து மரியாவின் நீலத்தைக் கிட்டத்தட்டக் கருப்பாக்கிவிடும். அதைத் துக்க உடை என்று படித்துவிடாதீர்கள். பழைய இத்தாலியப் பலகைகளில் முகம் பச்சையாகத் தெரிந்தால், தோல் நிறத்துக்கு அடியில் பூசிய பச்சைமண் மேல்பூச்சு தேய்ந்து வெளிவந்திருக்கிறது. லண்டனில் ராபர்ட் காம்பினின் வழிவந்தவர் வரைந்த ஓர் ஓவியத்தில் மரியாவின் தலைக்குப் பின்னால் பிரம்பில் பின்னிய வட்டமான கணப்புத் தட்டி ஒளிவட்டமாகவே நிற்கிறது. அற்புதமான யோசனை, அசலும்கூட. அதே ஓவியத்தின் வலக்கோடியில் இருக்கும் திருக்கிண்ணமோ 19-ஆம் நூற்றாண்டில் சேர்த்த பலகைத்துண்டில் இருக்கிறது. அதை வைத்து நற்கருணை விளக்கம் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

இணையத்தில் கிடைக்கும் படம் இடவலம் மாறியதா, ஓரம் வெட்டப்பட்டதா என்று அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாப் படிகளையும் சேர்த்து ஓர் ஓவியம்

லண்டன் நேஷனல் கேலரியில் ஜொவான்னி பெல்லினி 1500-ஐ ஒட்டி வரைந்த புல்வெளி மாதா (ரஃபேலின் புல்வெளி மாதா வேறு). பெரிய பீடப்படம் இல்லை; நெருங்கி நின்று வேண்டுவதற்கான அளவு. வகை: தரையில் உட்கார்ந்த தாய். அரியணை, தூண், வானதூதர், பொன் எதுவும் கிடையாது.

கைகள். குழந்தையின் கைகள் தளர்ந்து கிடக்கின்றன. தாயின் கைகள் குழந்தையைப் பிடித்திருக்கவில்லை. விரல்நுனிகள் ஒன்றையொன்று தொட, வேண்டுதலில் குவிந்திருக்கின்றன. மடியில் உறங்கும் குழந்தையைத் தாங்க ஒரு கைகூட இல்லை என்பதை உணர்ந்ததும் ஓவியம் மாறிவிடும். பார்வை: குழந்தையின் கண் மூடியிருக்கிறது, தாயின் கண் தாழ்ந்திருக்கிறது. நம்மைப் பார்ப்பவர் யாருமில்லை.

எலும்புக்கூடு: அகன்ற முக்கோணம். நீல மேலாடை தரையில் விரிந்து அடித்தளமாகிறது; குழந்தையின் உடல் அதற்குக் குறுக்கே, சற்றுச் சாய்வாகக் கிடக்கிறது. முக்கோணத்தின் அமைதியை உடைக்கும் சாய்வு அது ஒன்றுதான்.

ஓரங்களில்தான் பெல்லினி பேசுகிறார். பின்னால் உழவு நிலம், மாடுகள், குன்றின்மேல் ஊர், சாதாரணமான ஒரு நாள். இடப்பக்கம் இலையில்லாத மரத்தின் உச்சியில் ஒரு கரிய பறவை காத்திருக்கிறது. கீழே ஒரு வெள்ளைப் பறவை பாம்போடு சண்டையிடுகிறது. படி 7-இன் கேள்விகளைக் கேட்டால் முதலிரண்டுக்கும் விடை இல்லை: யாரும் அவற்றைத் தொடவில்லை, பார்க்கவுமில்லை, கோடுகளும் அங்கே போகவில்லை. மூன்றாவது கேள்வி காப்பாற்றுகிறது. உறங்கும் குழந்தை, பிடிக்காத கைகள், குறுக்கே கிடக்கும் உடல் எல்லாம் ஒரே திசையில் போகின்றன. பறவையும் அதில் சேர்ந்துகொள்கிறது. மற்றபடி அது மரத்தில் உட்கார்ந்த பறவை, அவ்வளவே.

சந்தேகமும் வேண்டும். இந்த ஓவியம் 1949-இல் பழைய பலகையிலிருந்து புதிய தளத்துக்கு மாற்றப்பட்டது, மேற்பரப்பு நிறைய அடிவாங்கியிருக்கிறது. ஆகவே நிறத்தின் நுட்பமான ஏற்ற இறக்கங்களை வைத்துப் பெரிய முடிவு எதுவும் செய்ய மாட்டேன். அமைப்பு மட்டும் உறுதி.

அடுத்த பயிற்சிக்கு, வெனிஸ் அகாதெமியா கலைக்கூடத்தில் உள்ள பெல்லினியின் மார்த்தினெங்கோ பியத்தாவை (இறந்த மகனை மடியில் ஏந்திய தாயின் ஓவியத்தை) திரையில் இதன் பக்கத்திலேயே திறந்து வையுங்கள். ஏறத்தாழ அதே ஆண்டுகள். அதே மாதிரி தரையில் உட்கார்ந்த மரியா, வயது மட்டும் ஏறியிருக்கிறது. பின்னால் நகரம், மடியின் குறுக்கே வளர்ந்த மகனின் உடல். ஒன்றின் கோட்டுருவத்தை மெல்லிய தாளில் எடுத்து மற்றதன்மேல் பொருத்துங்கள். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று குறித்துக்கொண்டு, கைகளிலிருந்து தொடங்குங்கள்.